கயலுக்குப் பெரியம்மா எழுதுவது

சிறுசேரி,
மார்கழி 20.

அன்புள்ள கயல் கண்ணுவுக்கு,

உன் அம்மா உன் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். அரையாண்டுத் தேர்வில் வேதியியலில் 70க்கு 38 என்று சொல்லும்போது அவளுக்குக் குரலே எழும்பவில்லை. நீ மூன்று நாளாக யாரோடும் பேசாமல் மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொண்டாயாம். பனியில் உட்காராதே, சளி பிடித்தால் மார்ச் வரை இழுக்கும். போனைப் பூட்டியது சரியா தப்பா என்று நான் பஞ்சாயத்து பண்ண வரவில்லை. அவள் நான் தூக்கி வளர்த்த தங்கை, நீ அவள் வயிற்றில் பிறந்த என் குழந்தை. யார் பக்கம் பேசினாலும் எனக்குத்தான் வலிக்கும்.

நீ உன் மாமாவிடம் கொடுத்தனுப்பிய சீட்டு வந்தது. நாலு வரிதான், ஆனால் நாலு தடவை படித்தேன். வரையறைகளை மனப்பாடம் பண்ணிப் பண்ணி வாய் வலிக்கிறது, எழுதும்போது ஒன்றோடொன்று கலந்துபோகிறது, இந்தத் தமிழ் வார்த்தையெல்லாம் காலேஜில் எதற்கும் ஆகாதாம், ஒரு இங்கிலீஷ் கைடு வாங்கி அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறாய். கைடு வாங்கி அனுப்புகிறேன், அது பெரிய செலவில்லை. ஆனால் அந்த மூன்றாவது வரியை உன் காதில் யார் போட்டார்கள்? அதற்குத்தான் இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். 33 வருடம் தமிழில் வேதியியல் நடத்தியவளிடம் அப்படி எழுதிவிட்டு நீ தப்பித்துப் போக முடியாது.

முதலில் உன் விடைத்தாள். அம்மா படம் எடுத்து அனுப்பியிருந்தாள். வேலையிலிருந்து வந்த உன் அண்ணனை உட்காரவைத்துப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். மூலக்கூறு எண் என்றால் என்ன என்ற கேள்விக்கு வினைவகையின் வரையறையை எழுதியிருக்கிறாய், எழுத்துக்கு எழுத்து புத்தகத்தில் உள்ளபடி. அதாவது வரையறை உனக்குத் தெரியும், அது எதற்கு உரியது என்றுதான் தெரியவில்லை. மனப்பாடத்தில் வருகிற தொல்லை இது. நாக்கு மட்டும் படித்திருக்கிறது.

இப்படி யோசி. மூலக்கூறு எண் என்பது தலை எண்ணுவது. ஒரே படியில் எத்தனை தலை மோதிக்கொள்கின்றன என்று எண்ணுகிறோம். ஒன்று, இரண்டு, அபூர்வமாக மூன்று. அரைத் தலை உண்டா? தலையே இல்லாத மோதல் உண்டா? அதனால்தான் அது பின்னமாகவோ பூஜ்ஜியமாகவோ வராது. வினைவகை அப்படியில்லை. அது சோதனைச்சாலையில் செறிவை மாற்றி மாற்றி வேகத்தை அளந்து கண்டுபிடிப்பது. அசிட்டால்டிஹைடு சிதையும்போது ஒன்றரை என்று வருகிறது. சூடான பிளாட்டினத்தின் மேல் அம்மோனியாவை அதிக அழுத்தத்தில் விட்டால் பூஜ்ஜியம் என்று வருகிறது. பூஜ்ஜியம் எப்படி என்று கேள். உங்கள் தெரு ரேஷன் கடையில் பில் போடுகிறவர் ஒருத்தர்தானே? வரிசையில் 20 பேர் நின்றாலும் 200 பேர் நின்றாலும் ஒரு மணி நேரத்துக்கு அவர் அனுப்புகிற ஆள் கணக்கு மாறுமா? பிளாட்டினத்தின் பரப்பு முழுக்க அம்மோனியா உட்கார்ந்துவிட்டால் வெளியே எவ்வளவு காத்திருந்தாலும் வேகம் அதேதான். வினைவகை பூஜ்ஜியம் என்றால் அதுதான். இனிமேல் இந்த இரண்டும் உனக்குக் கலக்காது. கலந்தால் என்னிடம் சொல்லு.

இங்கே செய்தி என்றால், ஓ.எம்.ஆர் முழுக்க மெட்ரோ வேலை. மாதவரத்திலிருந்து வருகிற பாதை எங்கள் சிப்காட்டில்தான் வந்து முடியப்போகிறது. அதுவரை தூசிதான். அண்ணனுக்கு இந்த மாதம் ராத்திரி ஷிப்ட். விடிகாலையில் வந்து நான் வைத்த காபியைக் குடித்துவிட்டுத் தூங்கப் போகிறான். பகலெல்லாம் வீடு நிசப்தமாக இருக்கும். போன மாதம் எங்கள் குடியிருப்பில் தண்ணீர்ப் பிரச்சினை வந்தபோதுதான் எனக்கு மறுபடி கைக்கு வேலை கிடைத்தது.

போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை, குழாய் வாயெல்லாம் வெள்ளைப் படிவு, பெண்களுக்குத் தலைமுடி கொட்டுகிறது என்று ஒரே புகார். டீச்சரம்மா நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். ஒரு சோதனைக் கிட் வாங்கிவரச் சொன்னேன். என்னுடைய பழைய பியூரெட் ஒன்று பழம்புடவை சுற்றிப் பெட்டியில் கிடந்தது. அதையும் எடுத்தேன். சாப்பாட்டு மேசைமேல் தாங்கியை நிறுத்தி, குடுவையில் தண்ணீரை அளந்து விட்டு, அம்மோனியா தாங்கல் கரைசல் சேர்த்து, நிறங்காட்டி ஒரு சிட்டிகை போட்டதும் தண்ணீர் திராட்சைச் சாறு மாதிரி சிவந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எல்லாம் மேசையைச் சுற்றி நின்றார்கள். பியூரெட்டிலிருந்து ஈடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஊதாச் சாயல் வந்தது. இன்னும் ஒரு சொட்டு. சட்டென்று நீலம். ஒரு குழந்தை கையைத் தட்டியது. எனக்கு என்னமோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது கயல், ஓய்வு பெற்ற பிறகு அந்த நீலத்தை நான் பார்க்கவே இல்லை.

அந்தக் குடுவைக்குள் நடந்ததற்கு உன் அணைவு வேதியியல் பாடத்தில் ஒரு சொல் இருக்கிறது. கொடுக்கிணைப்பு. நீயும் படித்திருப்பாய், கண்ணை மூடிக்கொண்டு உருப்போட்டிருப்பாய். ஒரு நிமிஷம் நிறுத்தி அந்த வார்த்தையைப் பார்த்தாயா? கொடுக்கு, இணைப்பு. ஆறு வயதில் உன்னைக் கோவளத்துக்குக் கூட்டிப்போனேனே, ஈர மணலில் நண்டு உன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டதே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்த பிடி. நான் உதறியும் விடவில்லை, உன் பெரியப்பா வந்துதான் மெல்லப் பிரித்து எடுத்தார். மார்கனும் ட்ரூவும் என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1920ல் இந்தப் பிணைப்புக்குப் பெயர் வைத்தபோது நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்தார்கள். கீலேட் என்று நீ காலேஜில் கேட்கப்போகிற வார்த்தை அதுதான். அதைத் தமிழாக்கியவர் ஒலியைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை, நண்டையே பிடித்துவிட்டார். ஒரே ஈனி ஒன்றுக்கு மேற்பட்ட முனைகளால் ஒரு உலோக அயனியை வளையமாகக் கவ்விக்கொள்வது கொடுக்கிணைப்பு. ஈடிடிஏ ஆறு முனையால் கவ்வும். குடுவையில் முதலில் நிறங்காட்டி கால்சியத்தையும் மக்னீசியத்தையும் லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தது, அந்தச் சிவப்பு அதனால்தான். ஈடிடிஏ வந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டது. கடைசி அயனியும் கை மாறியதும் நிறங்காட்டி தனியாக நின்றது, நீலமாக. கணக்குப் போட்டால் லிட்டருக்கு 640 மில்லிகிராம் கடினத்தன்மை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீருக்கு 200தான் ஏற்கத்தக்கது, வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். அசோசியேஷனில் சொல்லிவிட்டேன்.

ஈனி என்று எழுதினேன் இல்லையா, அதையும் பிரித்துப் பார். பசு கன்று ஈன்றது என்கிறோம். ஈனுவது ஈனி. எலக்ட்ரான் இரட்டையை உலோகத்துக்குத் தருவது எது என்ற வரையறை அந்த இரண்டு எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. இங்கிலீஷில் லிகண்ட் என்பதற்கு வேர் கட்டுதல் என்ற லத்தீன் சொல். கட்டுகிறது என்று மட்டும்தான் அது சொல்லும், யார் கொடுக்கிறார்கள் என்று சொல்லாது. தமிழ்ச் சொல்லில் வரையறை கொஞ்சம் கூடவே இருக்கிறது. அதைப் போய் எதற்கும் ஆகாது என்று எழுதுகிறாயே.

இன்னொன்று சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்தது. சுழிமாய்க் கலவை. வலஞ்சுழி மூலக்கூறும் இடஞ்சுழி மூலக்கூறும் சரிபாதி கலந்தால், ஒன்று ஒளியின் தளத்தை வலமாகத் திருப்ப, மற்றது அதே அளவு இடமாகத் திருப்ப, மொத்தத்தில் திருப்பமே இல்லாமல் போகிறது. சுழி மாய்ந்துவிடுகிறது. இங்கிலீஷில் ரெசிமிக் என்பார்கள், அது திராட்சைக் குலை என்ற சொல்லிலிருந்து வந்தது, திராட்சை ரசத்தில் கிடைத்த அமிலத்தின் பெயரால். 1848ல் பாஸ்டர் அந்த அமிலத்தின் உப்பைப் படிகமாக்கி, வலப்பக்கம் சாய்ந்ததையும் இடப்பக்கம் சாய்ந்ததையும் இடுக்கியால் பொறுக்கிப் பொறுக்கிப் பிரித்தாராம். அப்போது அவருக்கு 25 வயது. அழகான கதைதான், ஆனால் திராட்சைக் குலையை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்கு வரையறையைப் புரியவைக்க முடியாது. உனக்கோ வீட்டிலேயே சங்கு இருக்கிறது. பாட்டி பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாளே, அது இடம்புரி. வலம்புரிக்கு ஏன் அத்தனை விலை என்று சின்ன வயதில் கேட்டாயே, அதுதான் ஆடி பிம்பம். ஒன்றை எப்படித் திருப்பி வைத்தாலும் மற்றதன்மேல் பொருந்தாது. பாட்டியின் சங்கைக் கண்ணாடி முன்னால் பிடித்துப் பார், இன்றைக்கே.

சொல்லைப் பிரித்தால் எல்லாம் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்ளாதே. அதுவும் ஆபத்து, அதையும் நான்தான் சொல்ல வேண்டும். சில சொற்கள் காலை வாரிவிடும். ஆக்சிஜனேற்றம் என்ற சொல்லைப் பிரித்து வைத்துக்கொண்டு, சோடியமும் குளோரினும் சேர்ந்து உப்பாகிற வினையில் ஆக்சிஜனே இல்லையே, அப்புறம் எங்கே ஏற்றம் என்று மலைத்து நின்ற பிள்ளைகளை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல் பிறந்த காலத்தில் ஆக்சிஜனோடு சேர்வது மட்டும்தான் தெரியும். பிறகு எலக்ட்ரான் வந்தது, வரையறை எலக்ட்ரானை இழப்பது என்று நகர்ந்துவிட்டது, சொல் மட்டும் பழைய வீட்டிலேயே இருக்கிறது. ஆக்சிஜன் என்ற பெயரே அப்படித்தான். அமிலத்தைப் பிறப்பிப்பது என்று பொருள்பட லவாய்சியர் வைத்தார். எல்லா அமிலத்திலும் அது இருக்கும் என்று நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது என்று 1810ல் டேவி காட்டிவிட்டார். பெயர் நிலைத்துவிட்டது, அர்த்தம் போய்விட்டது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பார்த்துவிட்டு, அது வரையறையோடு ஒத்துப்போகிறதா இல்லையா என்று பக்கத்தில் எழுதிவை. ஒத்துப்போகாத இடத்தில்தான் கேள்வி கேட்பார்கள்.

சவ்வூடு பரவல் அழுத்தமும் அப்படி ஒரு இடம். சவ்வின் ஊடாகப் பரவுவது, அது சுத்தமான சொல், குறையே இல்லை. பின்னால் அழுத்தம் சேர்ந்ததும் பிள்ளைகள் அந்தப் பரவல் தருகிற அழுத்தம் என்று எழுதிவிடுகிறார்கள். அது பரவலைத் தடுத்து நிறுத்த நாம் வெளியிலிருந்து கொடுக்க வேண்டிய அழுத்தம். இங்கிருந்து கடற்கரைப் பக்கம் போனால் நெம்மேலி. அங்கே 2013லிருந்து கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது, நாளுக்கு 10 கோடி லிட்டர். 2024ல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று வந்துவிட்டது. கடல்நீருக்கு அந்தத் தடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 27 வளிமண்டல அழுத்தம். அதைத் தாண்டி அழுத்தினால்தான் உப்பை விட்டுவிட்டு நல்ல தண்ணீர் மட்டும் சவ்வைக் கடந்து இந்தப் பக்கம் வரும். எதிர் சவ்வூடு பரவல். உங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினும் அதைத்தான் செய்கிறது. நீ தினமும் குடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடத்திலேயே பாடம் இருக்கிறது.

இந்தச் சொற்களை யாரோ சர்க்கார் ஆபீசில் உட்கார்ந்து ஒட்டவைத்துவிட்டார்கள் என்ற நினைப்பும் உனக்கு வேண்டாம். எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அங்கே ஏ.எல். பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பித்தவர். தினமும் சாயந்திரம் நாங்கள் இருவரும் நடக்கப் போவோம். நான் பியூரெட் என்றால் அவர் அளவி என்கிறார். பிப்பெட்டுக்குக் குழாயி. எத்தனை நல்ல பெயர், நாம் ஏன் இதை வைத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு ஏக்கமாகவே இருக்கிறது. நமக்கு வினை, அவர்களுக்குத் தாக்கம். நமக்கு எலக்ட்ரான், அவர்களுக்கு இலத்திரன். நமக்கு ஒடுக்கம், அவர்களுக்குத் தாழ்த்தல். நமக்குக் கிளர்வு ஆற்றல், அவர்களுக்கு ஏவற்சக்தி. நமக்கு மோல், அவர்களுக்கு மூல். ஒரே மொழி, இரண்டு கரை. அவர் சொல்லித்தான் சாமுவேல் கிரீனைப் பற்றிப் பேச்சு வந்தது. 1847ல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த மருத்துவர். மானிப்பாயில் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்றுக்கொடுத்தார். அவர் 1875ல் ஒரு வேதியியல் புத்தகத்தைத் தமிழில் கொண்டுவந்தார், பெயர் கெமிஸ்தம். அந்தப் பெயரைப் பார், கெமிஸ்ட்ரியைத் தமிழ் வாயில் போட்டு மென்றது மாதிரி இருக்கிறது. தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். 1916ல் சேலத்தில் ராஜாஜி வக்கீலாக இருந்தபோது, நண்பர்களோடு சேர்ந்து அறிவியல் சொற்களுக்காகவே ஒரு சங்கம் வைத்துப் பத்திரிகை நடத்தினார். பிறகு திண்ணை ரசாயனம் என்று ஒரு புத்தகமும் எழுதினார். அப்படி நூற்றைம்பது வருடமாக ஒவ்வொருவரும் ஒரு கல் எடுத்து வைத்துத்தான் உன் புத்தகம் உன் கைக்கு வந்திருக்கிறது.

இப்போது காலேஜ் பயம். அது நியாயமான பயம், நான் மறைக்க மாட்டேன். பிளஸ் டூ வந்த புதிதில் தமிழில் படித்து, பி.எஸ்ஸி.க்கு மெட்ராஸ் வந்தவள் நான். முதல் இரண்டு மாதம் ராத்திரி போர்வைக்குள் அழுதிருக்கிறேன். உன் தாத்தாவுக்குக் கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டிருக்கிறேன். ஒரு நாள் பேராசிரியர் பஃபர், பஃபர் என்று ஒரு மணி நேரம் பேசினார். அமிலத்தையும் காரத்தையும் கொஞ்சம் சேர்த்தாலும் பிஹெச் மாறாமல் தாங்கும் என்று படம் போட்டார். அட, இது நம்ம தாங்கல் கரைசல்! அன்றைக்கு ராத்திரி நோட்டை இரண்டாக மடித்து, இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் இங்கிலீஷ் என்று எழுத ஆரம்பித்தேன். தீபாவளி லீவுக்குள் நூற்றுக்கு மேல் சேர்ந்தது. எல்லாம் எனக்கு முன்பே தெரிந்த ஆட்கள், வேறு சட்டை போட்டு வந்திருந்தார்கள். நீயும் அப்படி ஒரு நோட்டு போடு, இப்போதே போடு, காலேஜ் வரை காத்திருக்காதே. கைடு வந்ததும் அதை இதற்கு மட்டும் பயன்படுத்து. தேர்வைத் தமிழிலேயே எழுது. இந்தக் கடைசி இரண்டு மாதத்தில் குதிரை மாறாதே கண்ணு. அரசுப் பள்ளியில் படித்த உனக்குக் காலேஜ் சேர்ந்ததும் புதுமைப் பெண் பணம் மாதம் ஆயிரம் வரும், புத்தகச் செலவுக்கு யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். பாஸானால் போதும் என்று மட்டும் நினைத்துவிடாதே.

வரையறைகள் கலந்துபோகிறது என்று எழுதினாய் அல்லவா? அதை இப்படிப் படி. ஒரு சொல்லை அடித்துவிட்டு என்ன கெடுகிறது என்று பார். அயனியாக்கும் ஆற்றலை எடுத்துக்கொள். தனித்த, நடுநிலையான, வாயுநிலையில் உள்ள அணுவிலிருந்து, லேசாகப் பிடிக்கப்பட்டிருக்கிற எலக்ட்ரானை நீக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல். நீ இதில் வாயுநிலையை விட்டுவிட்டாய், ஒரு மார்க் போனது. வாயுநிலை இல்லாவிட்டால் என்ன ஆகும்? சோடியத்துக்கு ஒரு மோலுக்கு 496 கிலோஜூல் என்று அட்டவணையில் போட்டிருக்கிறதே, உன் கையில் இருப்பது கட்டிச் சோடியம் என்றால் முதலில் அணுக்களைக் கட்டியிலிருந்து பிரிக்கவே சுமார் 107 கிலோஜூல் வேண்டும். இரண்டையும் சேர்த்து எழுதினால் அட்டவணை பொய்யாகிவிடும். நடுநிலையை அடித்துப் பார். ஏற்கெனவே ஒரு எலக்ட்ரான் போன சோடியம் அயனியிலிருந்து இன்னொன்றை எடுக்க 4562 கிலோஜூல், ஒன்பது மடங்கு. ஒவ்வொரு சொல்லும் வாசலில் நிற்கிற காவல்காரன் மாதிரி, யாரோ தப்பான ஆள் உள்ளே நுழைந்த பிறகுதான் அவனை அங்கே நிறுத்தியிருப்பார்கள்.

காவல் மாறுவதும் உண்டு. 1971லிருந்து மோல் என்றால் 12 கிராம் கார்பன்-12ல் எத்தனை அணுவோ அத்தனை துகள். அதைத்தான் நான் படித்தேன், அதைத்தான் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொன்னேன். நான் ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது, 2019 மே 20 முதல், உலகம் முழுக்க மாற்றிவிட்டார்கள். இப்போது மோல் என்றால் சரியாக 6.02214076 × 10²³ துகள். கார்பனை நம்பி எண் இல்லை, எண்ணை நம்பித்தான் இனி கார்பனின் எடை. பேப்பரில் படித்த அன்று எனக்கு ஊரில் பழைய வீட்டை இடித்தபோது வந்த மாதிரி ஒரு கலக்கம். மறுநாள் வகுப்பில் இரண்டையும் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். மாறாத ஒன்றும் இருக்கிறது. எந்தத் துகள் என்று சொல்லியாக வேண்டும். ஒரு மோல் ஆக்சிஜன் என்று சும்மா எழுதினால் அணுவா மூலக்கூறா? 16 கிராமா 32 கிராமா? நீ விடைத்தாளில் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறாய், டீச்சர் பார்க்கவில்லை, நான் பார்த்துவிட்டேன்.

ஒன்று உன்னிடம் சொல்ல வேண்டும், உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். வயல் நடுவில் ஒரு பள்ளிக்கூடம். தெவிட்டிய கரைசல் என்றால் என்ன என்று கேட்டிருந்தேன். ஒரு பெண், நெற்றியில் எப்போதும் திருநீறு வைத்து வருவாள், எழுதியிருந்தாள்: பாயசம் சாப்பிட்டுத் தெவிட்டிப் போனவர் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினால் அது அப்படியே இலையில் கிடக்கும், அதுபோலத் தண்ணீருக்கு உப்பு தெவிட்டிவிட்டால் அடுத்துப் போடுகிற உப்பு அடியில் கிடக்கும் என்று. நான் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, புத்தகத்தில் உள்ளபடி எழுதவும் என்று எழுதிப் பூஜ்ஜியம் போட்டேன். வகுப்பில் படித்தும் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவள் என் வகுப்பில் கையைத் தூக்கவே இல்லை.

அவள் சொல்லின் வேரைப் பிடித்திருந்தாள் கயல். தெவிட்டுதல் என்ற சொல்லை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் விட்டது ஒன்றே ஒன்று, குறிப்பிட்ட வெப்பநிலையில் என்ற சொல். நான் அவளைக் கூப்பிட்டு, சரி அம்மா, அதே தண்ணீரைச் சுட வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அவளே அதை எழுதியிருப்பாள். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற வழியில் உப்பளப் பாத்திகளைப் பஸ் கடக்கும்போதெல்லாம் அவள் ஞாபகம் வரும். வெயில் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, முதலில் ஜிப்சம் படியும், பிறகு நம் சாப்பாட்டு உப்பு, மக்னீசிய உப்புகள் கசப்பு நீராகக் கடைசி வரை கரைந்தே நிற்கும், அதை வடித்துவிடுவார்கள். ஒரே கடல்நீரில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நேரத்தில் தெவிட்டுகிறது. இதை அவளுக்குக் காட்டியிருக்கலாம். இப்போது எங்கே இருக்கிறாளோ, பேரன் பேத்தி எடுத்திருப்பாளோ.

உனக்கு 38 வந்ததற்கு நான் அழவில்லை. உன் சீட்டில் எதற்கும் ஆகாது என்று இருந்ததே, அதற்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. என்னைப்போல ஒருத்தி உன் விடைத்தாளிலும் எங்கேயோ கோடு போட்டிருப்பாளோ என்று தோன்றியது.

போகிக்கு முந்தின நாள் அண்ணனோடு செய்யாறு வருகிறேன். பியூரெட்டைக் கொண்டுவருகிறேன், உங்கள் கிணற்றுத் தண்ணீரை நீயே பார்க்கலாம். அம்மாவிடம் பேசிப் போனை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தரச்சொல்கிறேன், அதற்கு மேல் கேட்காதே. கம்பளிச் சால்வை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், மாடியில் உட்காருவதென்றால் போர்த்திக்கொண்டு உட்கார். பாட்டியின் கண் சொட்டு மருந்து தீர்ந்திருக்கும், பார்த்து அம்மாவிடம் சொல்லு.

ஸ்டாம்ப் ஒட்டிய கவர் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். தெவிட்டிய கரைசலுக்கு ஒரு வரையறை, புத்தகத்தைப் பார்க்காமல், உன் வார்த்தையில் எழுதி அனுப்பு. பாயசமோ சர்க்கரையோ எது வேண்டுமானாலும் இருக்கட்டும். எழுதி முடித்ததும், தண்ணீர் வெந்நீராக இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்துவிட்டு ஒட்டு.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் பெரியம்மா